டெஸ்ட், புள்ளிவிவரம், ஆட்கள், அனுபவம்: வேலையைத் தேர்வதற்கு முன் எதை நம்புவது?

ஒரு கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதிலேயே ஒரு முழுக் காலைப்பொழுது கழிந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு 19 வயது. கட்டடக் கலைஞர் ஆகப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கூடப் படித்த தோழிக்கும் அதே எண்ணம். ஒரு பெண் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது.

கதவு உள்பக்கம் திறந்தால், யாராவது மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறந்தால் நடைவழியில் பாதியை அடைத்துக்கொள்ளும். தீப்பிடித்தால் ஆட்கள் ஓட வேண்டிய வழி அது. பக்கவாட்டில் நகரும் கதவு வைக்கலாம் என்றால், அது போய் ஒளிய வேண்டிய சுவருக்குள் தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே சக்கர நாற்காலி திரும்புவதற்குச் சுமார் ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தப் பெண்மணி வரைந்தார், அழித்தார், குழாய் வேலை பார்ப்பவருக்குப் போன் போட்டார், மறுபடி வரைந்தார். பதினோரு மணிக்கு எனக்குக் கொட்டாவி வந்தது. தோழியோ நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவள் இன்று கட்டடக் கலைஞர். நான் மொழிபெயர்ப்பாளர். அந்த ஒரு நாள் கிடைக்காமல் போயிருந்தால் ஐந்து வருடம் படித்து முடித்த பிறகுதான் எனக்கு அந்தக் கொட்டாவி வந்திருக்கும்.

எந்த வேலைக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டியவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. விருப்பத்தை அளக்கும் டெஸ்ட் எழுதிப் பார்க்கலாம். சம்பளம், தேவை பற்றிய புள்ளிவிவரங்களைப் படிக்கலாம். அந்த வேலையில் இருப்பவர்களிடம் கேட்கலாம். சின்ன அளவில் செய்தே பார்க்கலாம். நான்குக்கும் ஆகும் நேரம் வேறு, செலவு வேறு, காட்டும் உண்மையும் வேறு. நான் ஒப்பிடும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வேலையின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று எது காட்டுகிறது? விருது வாங்கும் நாளும் சண்டை போட்டு ராஜினாமாக் கடிதம் எழுதும் நாளும் எந்தத் தொழிலிலும் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமைகள்.

டெஸ்ட்

தொழில் வழிகாட்டல் என்பதை ஒரு முறையாகத் தொடங்கிவைத்தவர் என்று பிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908இல் பாஸ்டன் நகரில் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். அவர் சொன்னது மூன்று படிகள்: உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். பொறியியல் படித்து, ஆசிரியராக இருந்து, வழக்கறிஞராகி, பேராசிரியராகவும் இருந்தவர் அவர். இத்தனை இடம் மாறிய மனிதர்தான் அடுத்தவருக்கு வழி சொல்லக் கிளம்பினார். எனக்கு இது முரணாகப் படவில்லை. முதல் முயற்சியிலேயே சரியான இடத்தில் போய் உட்கார்ந்தவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இன்று கிடைக்கும் டெஸ்ட்கள் பெரும்பாலும் முதல் படிக்கானவை. ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிவு பலவற்றுக்கு அடிப்படை. கையால் செய்யும் வேலையில் நாட்டம், ஆராய்ச்சியில் நாட்டம், கலை, பிறருக்கு உதவுவது, ஆட்களை வழிநடத்துவது, ஒழுங்குபடுத்துவது என்று ஆறு. உங்களுக்கு மேலே வரும் இரண்டு மூன்றை எடுத்து அதற்கேற்ற வேலைகளின் பட்டியலைக் கையில் தருவார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் 60 கேள்விகளோடு இப்படி ஒன்று இலவசமாகவே இருக்கிறது. ஒரு சாயங்காலம் போதும்.

இதன் பலன், கேள்வியே படாத வேலைகளின் பெயர்கள் பட்டியலில் வந்து நிற்பது. 17 வயதில் நமக்குத் தெரிந்த தொழில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு உலகத்து வேலைகளை 436 அடிப்படைப் பிரிவுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள். நாம் தேர்வு செய்கிறோம் என்று நினைப்பது பெரும்பாலும் அதில் பத்துப் பதினைந்துக்குள்தான்.

பலவீனம் வேறு இடத்தில். “இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா?” என்று கேட்கிறது டெஸ்ட். ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தே பார்க்காதவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் கற்பனையைச் சொல்வார். அந்தக் கற்பனையை டெஸ்ட் ஆறு கட்டத்தில் அடுக்கித் திருப்பிக் கொடுக்கும். எனக்கும் ‘கலை’ என்றுதான் வந்தது. கட்டடக் கலையிலும் கலை என்ற சொல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஆளுமையை நான்கு எழுத்தில் சொல்லும் டெஸ்ட்கள் இன்னொரு ரகம். நண்பர்களோடு பேசிச் சிரிக்க நன்றாக இருக்கும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடும். அதை வைத்து ஒரு வாழ்நாள் வேலையை முடிவு செய்யாதீர்கள்.

ஒரு சுவாரசியமான விஷயம். விருப்ப டெஸ்ட்களில் மிகப் பழையவற்றில் ஒன்று 1927இல் எட்வர்ட் ஸ்ட்ராங் உருவாக்கியது. இன்ன பதில் சொன்னால் நீ பொறியாளர் என்று அவர் மேஜையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஏற்கெனவே அந்தந்த வேலையில் இருந்தவர்களிடம் அவரவர் விருப்பு வெறுப்புகளைக் கேட்டு, உங்கள் பதில்கள் யாருடைய பதில்களோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார். அதாவது டெஸ்டும் கடைசியில் ஆட்களிடம் கேட்டதன் சுருக்கம்தான். அப்படியென்றால் நேராக ஆட்களிடமே போய்விடலாமே? போகலாம். அதற்கு முன் எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை.

புள்ளிவிவரம்

எண்களை உணர்ச்சியில்லாத விஷயம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படியில்லை. வேலையில் இருப்பவர்கள் வாய்திறந்து சொல்லாத சிலவற்றை எண்கள் தயங்காமல் சொல்லும்.

முதலில் சம்பளம். சராசரியைப் பார்க்காதீர்கள். பத்து இசைக் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 10 சம்பாதிக்கிறார்கள், ஒருவர் 910. சராசரி 100 வரும். அந்த நூறை வாங்குபவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நட்ட நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார், அடிமட்டத்துக் கால்பங்கில் இருப்பவர் எதைக் கொண்டு மாதத்தை ஓட்டுகிறார் என்று தேடுங்கள். நடிப்பு, எழுத்து, விளையாட்டு போல உச்சியில் ஒருசிலர் மட்டும் மின்னும் துறைகளில் இந்த இரண்டு எண்களும் கண்ணைத் திறக்கும். பல் மருத்துவம், மின்பணி போன்றவற்றில் நடுவில் நிற்பவருக்கும் மேலே நிற்பவருக்கும் அவ்வளவு தூரம் இருக்காது.

இரண்டாவது நேரம். சம்பளத்தை மாதத்தால் மட்டும் வகுக்காமல் மணியாலும் வகுத்துப் பாருங்கள். போய்வரும் நேரம், வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை எல்லாவற்றையும் சேர்த்து. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இரவு ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இலேயே சேர்த்தது. பதினைந்து வருடமாக ராத்திரி ஷிப்ட் பார்ப்பவரிடம் கேட்டால் “பழகிடுச்சு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, பழகித்தான் போயிருக்கிறது. உடம்பின் கணக்கு வேறு.

மூன்றாவது எதிர்காலக் கணிப்பு. இதில் மட்டும் எண்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. செயற்கை நுண்ணறிவில் பயன்படும் நரம்பணு வலைப்பின்னல் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி அதை நன்றாகச் செய்யும் என்று 2016இல் சொன்னார். அவரைவிட அந்தத் தொழில்நுட்பத்தை அறிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். இன்றும் கதிரியக்க மருத்துவர்கள் பயிற்சி பெற்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவருக்குத் தொழில்நுட்பம் தெரியும், கதிரியக்க மருத்துவரின் செவ்வாய்க்கிழமை தெரியாது. படம் பார்ப்பது அந்த நாளில் ஒரு பகுதி. மற்ற மருத்துவர்களோடு விவாதிப்பது, அடுத்து எந்த ஸ்கேன் எடுக்கலாம் என்று சொல்வது, ஊசி செலுத்தித் திசு எடுப்பது எல்லாம் மீதி. ‘இந்த வேலை இருக்குமா, போய்விடுமா’ என்று கேட்பதைவிட ‘இந்த வேலைக்குள் என்னென்ன வேலை இருக்கிறது, அதில் எது போகும்’ என்று கேட்பது பயன்படும். அதற்கு அந்த வேலைக்குள் இருக்கும் ஆள் வேண்டும்.

ஆட்களிடம் கேட்பது

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஆணோடு ஐந்து நிமிடம் பேசினால் அது எவ்வளவு பிடிக்கும் என்று பெண்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். சிலருக்கு அந்த ஆணின் புகைப்படமும் விவரமும் கொடுத்தார்கள். சிலருக்கு, அவரோடு ஏற்கெனவே பேசிய முன்பின் தெரியாத ஒரு பெண் போட்ட மதிப்பெண்ணை மட்டும் கொடுத்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்களின் கணிப்புதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் எது உதவும் என்று கேட்டபோது பெரும்பாலோர் புகைப்படமும் விவரமும்தான் என்றார்கள். வேலை விஷயத்திலும் நாம் இதையேதான் செய்கிறோம். பணி விவரத்தைப் பத்து முறை படிப்போம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

கேட்கத்தான் செய்கிறோமே, ஒன்றும் தெரியவில்லையே என்பீர்கள். கேள்வியில்தான் சிக்கல். “வேலை எப்படிப் போகுது?” என்றால் “பரவாயில்லை, போகுது” என்றுதான் பதில் வரும். “உங்கள் துறை பிடிச்சிருக்கா?” என்றால் அவர் தன் வாழ்க்கையையே நியாயப்படுத்த வேண்டியிருக்கும். இருபது வருடத்தைக் கொட்டியவர் உங்களிடம் சட்டென்று “இல்லை” என்று சொல்லிவிடுவாரா? அல்லது அன்றைக்கு மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் மொத்தத் துறையையும் திட்டித் தீர்த்துவிடுவார். கருத்தைக் கேட்டால் கருத்துதான் கிடைக்கும்.

அதற்குப் பதில் நேற்றைக் கேளுங்கள். “நேற்று காலையில் போனதும் முதலில் என்ன செய்தீர்கள்? அப்புறம்? மதியத்துக்குள் எத்தனை பேரோடு பேசினீர்கள்? எதற்காகக் காத்திருந்தீர்கள்? எதை மறுபடி மறுபடி செய்தீர்கள்? கிளம்பும்போது எது முடியாமல் நின்றது?” நேற்றைப் பற்றிச் சொல்லும்போது யாருக்கும் நடிக்கத் தோன்றாது. அது மிகவும் சின்ன விஷயமாகத் தெரியும், அதனால் உண்மை தானாக வந்து விழும்.

நான் பல வருடங்களாக ரயிலிலும் காத்திருப்பு அறைகளிலும் பக்கத்தில் உட்காருபவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். (வீட்டில் இதற்குத் தனி எரிச்சல் உண்டு.) சில பதில்கள் மனதில் நிற்கின்றன.

திருமணங்களைப் படமெடுக்கும் ஒருவர் சொன்னார், கேமராவைத் தொட்டு ஐந்து நாளாகிறது என்று. மூவாயிரம் படத்திலிருந்து நானூறைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாக்கிப் பணம் தராத இரண்டு குடும்பங்களுக்கு ‘ஞாபகப்படுத்தலாமா வேண்டாமா’ என்ற யோசனையில் மீதிப் பொழுது. படமெடுப்பது வாரத்துக்கு ஒரு நாள். பொறுக்குவதும் வசூலிப்பதும்தான் தொழில்.

மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் தன் ஷிப்டை நேரவாரியாகச் சொன்னார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆளைத் தேடுவதுதான் தன் பெரிய வேலை என்றார். அப்புறம் பதிவு. கொடுத்த மருந்து, அளந்த சிறுநீர், சொன்ன வலி எல்லாவற்றையும் எழுத வேண்டும். “கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்றதுன்னு நினைச்சு வந்தேன். அதுவும் உண்டு, எழுதி முடிச்சா.” இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மென்பொருள் எழுதுபவர், முந்தைய நாள் முழுவதும் தான் எழுதியது நான்கே வரி என்றார். யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஆறாயிரம் வரியைப் படித்து, அந்த நான்கு வரியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கவே நாள் போய்விட்டதாம். எழுதுவதற்காகத்தான் அந்தத் துறைக்கு வந்தாராம். படிக்கப் பிடிக்காதவர்கள் அங்கே நிலைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இவற்றில் ஒன்றையாவது எந்தப் பணி விவரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். ஒருவர் போதாது. 1997இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் மற்றவர்களும் செய்த ஓர் ஆய்வில், நிர்வாக உதவியாளர்களாக இருந்த 24 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் வேலையைச் சம்பளத்துக்கான உழைப்பாகவும், இன்னொரு பங்கினர் முன்னேறுவதற்கான படியாகவும், மீதிப்பேர் மனதுக்கு அர்த்தம் தரும் பணியாகவும் பார்த்தார்கள். பதவி ஒன்று, உணர்வு மூன்று. ஆகவே ஒருவரின் உற்சாகத்தையோ சலிப்பையோ அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. மூன்று பேரின் ‘நேற்று’களில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று பேருமே காத்திருப்பதைப் பற்றிப் பேசினால் அந்த வேலையில் காத்திருப்பு நிச்சயம்.

அந்த மூன்று பேரை நான் இப்படித் தேர்வு செய்வேன். ஒருவர் உள்ளே வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர். வாசல் எங்கே இருக்கிறது, இப்போது யாரை உள்ளே விடுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் பதினைந்து இருபது வருடம் இருப்பவர். உள்ளே இருக்கும் அறைகளெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் அவர் நுழைந்த வாசலை எப்போதோ சுவர் வைத்து அடைத்திருப்பார்கள். ‘நான் நேராகப் போய்க் கேட்டேன், மறுநாள் வரச் சொன்னார்கள்’ என்பார், அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். மூன்றாமவர்தான் கிடைப்பதற்கு அரிது: அந்த வேலையை விட்டுப் போனவர். உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் தாக்குப்பிடித்தவர்களின் கதை மட்டும்தான் கிடைக்கும். விட்டுப் போனவரிடம் ஏன் விட்டார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எது இன்னும் ஞாபகத்துக்கு வருகிறது, எதற்காக ஏங்குகிறார் என்றும் கேளுங்கள். ஏங்க ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

எனக்கு அப்படி யாரையும் தெரியாதே என்பவர்களுக்கு: நெருங்கிய வட்டத்தில் தேட வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களில், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் பாதிக்கு மேல். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரிந்திருக்கும். பழைய வகுப்புத் தோழரின் அக்கா, மாடி வீட்டுக்காரரின் சித்தப்பா, இந்த மாதிரி அரைகுறை அறிமுகங்கள்தான் வேறு உலகத்துக் கதவு. இருபது நிமிடம் போதும் என்று சொல்லிவிட்டு, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் மலர்ந்து பேசுவார்கள். வேலை கேட்டால் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

செய்து பார்ப்பது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இன்டர்ன்ஷிப்பும் பகுதிநேர வேலையும்தான் மற்ற மூன்றையும்விட மேல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதில் கிடைக்கும் ஒரு விஷயம் வேறெதிலும் கிடைக்காது, அது உடம்பின் பதில். எட்டு மணி நேரம் நிற்க முடியுமா, ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளுமா, நாள் முழுக்க யாருமே பேசாமல் இருந்தால் நிம்மதியா பைத்தியம் பிடிக்கிறதா? இதையெல்லாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வாரம் அங்கே இருந்தால் போதும், உடம்பே சொல்லிவிடும்.

ஆனால் பயிற்சிக்கு வந்தவருக்குத் தரும் வேலை அந்த வேலையே அல்ல. நகல் எடுப்பது, பட்டியலைச் சரிபார்ப்பது, கூட்டத்தில் குறிப்பு எடுப்பது. தவறு செய்தால் யாருக்கும் நஷ்டம் வராத வேலையாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒரு வேலையின் ருசியும் பயமும் தவறு செய்தால் என்ன ஆகும் என்பதில்தான் இருக்கிறது. அது இல்லாத ஆறு வாரத்தை வைத்து ‘சப்பென்று இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பருவமும் உண்டு. கணக்காளரின் ஆண்டு முடிவை, ஆசிரியர் விடைத்தாள் திருத்தும் வாரங்களை, வேறு மாதத்தில் போனவர் பார்க்கவே மாட்டார். அப்புறம், எந்தக் கைவேலையிலும் முதல் சில மாதம் மோசமாகத்தான் இருக்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்பது பிடித்தத்துக்கும் பொருந்தும். கை பழகிய பிறகு பிடித்துப்போன வேலைகள் எத்தனையோ.

ஆகவே செய்து பார்க்கப் போனால், உங்களுக்குக் கொடுத்த வேலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பத்து வருடம் இருப்பவரின் மேஜையைப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேரப்போவது அங்கேதான்.

எல்லா வேலையையும் செய்து பார்க்கவும் முடியாது. விமானியாக ஒரு வாரம் இருந்து பார்க்க யார் விடுவார்கள்? அறுவை சிகிச்சையை யார் சும்மா செய்து பார்க்கத் தருவார்கள்? இப்படிப் படிப்புக்கே பல வருடமும் பெரும் பணமும் கேட்கும் வேலைகளில்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். அங்கே மறுபடி ஆட்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. விமானிகளுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் தேறவில்லை என்றால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விமானம் ஓட்ட முடியாது. இதைப் பற்றிய கவலையோடு வாழ்வது எப்படி என்று ஒரு விமானி சொன்னால்தான் தெரியும்.

எந்த நிலைக்கு எந்த வழி

பள்ளி முடிக்கும் வயதில் இருப்பவருக்குத் தகவல் குறைவு, நேரம் நிறைய. டெஸ்ட் எழுதலாம், பட்டியலை நீளமாக்கிக்கொள்ளத்தான். அதிலிருந்து கேள்விப்படாத மூன்று பெயரை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒருவரைத் தேடிப் பிடித்து நேற்றைக் கேட்கலாம். முடிந்தால் ஒரு நாள் பக்கத்தில் போய் உட்காரலாம். எனக்கு நடந்த மாதிரி ஒரே நாளில் கொட்டாவி வந்தால் லாபம்தான்.

வேலையில் சேர்ந்து சில வருடம் ஆகி, இது வேண்டாமோ என்று தோன்றுபவருக்கு டெஸ்ட் தேவையில்லை. தன்னைப் பற்றி அவரிடம் டெஸ்டைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. போன மாதத்து நாட்களை எடுத்து, எந்த மணி நேரம் ஓடியது, எந்த மணி நேரம் நகரவே இல்லை என்று எழுதினால் போதும். பிரச்சினை வேலையிலா, அந்த அலுவலகத்திலா, அங்கே போய்வரும் இரண்டு மணி நேரத்திலா என்பது அதிலேயே தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. போய்வரும் நேரத்துக்காகத் தொழிலையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டி, தன்னை நம்பிக் குடும்பம் இருப்பவர் எண்களில் தொடங்க வேண்டும். எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும், புதிய துறையில் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்ற இரண்டும் தெரியாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. அது சரிவந்தால், இருக்கும் வேலையை விடாமல் வார இறுதியில் சின்னதாகச் செய்து பார்க்கலாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இரண்டும் சமமாகவே நிற்கிறது என்றால்? பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் இணையத்தில் ஒரு நாணயம் சுண்டும் ஏற்பாடு செய்தார். வேலையை விடுவதா போன்ற கேள்விகளில் தவித்தவர்கள் 20,000 தடவைக்கு மேல் அதில் சுண்டினார்கள். 2021இல் வெளியான முடிவுப்படி, பெரிய மாற்றங்களைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். கவனியுங்கள், ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள்தான் நாணயத்திடம் போனவர்கள். நிம்மதியாக இருப்பவர் சுண்ட வேண்டிய அவசியமில்லை.

எவ்வளவு பாடுபட்டு விசாரிப்பது என்பதற்கு நான் பார்ப்பது, திரும்பி வர எவ்வளவு ஆகும் என்பதை. ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வரக்கூடிய வேலைக்கு இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுச் சேர்ந்துவிடலாம். ஏழு வருடப் படிப்பும் கடனும் கேட்கும் வேலைக்கு ஏழு மாதம் விசாரித்தாலும் தப்பில்லை. நடைமுறையில் தலைகீழாகத்தான் நடக்கிறது. கைப்பேசி வாங்க மூன்று வாரம் விமர்சனம் பார்க்கிறவர்கள், படிப்பைச் சேர்க்கை முடியும் கடைசி நாளில் முடிவு செய்கிறார்கள்.

இத்தனையும் பலிக்க, கேட்கப்படுபவர் சரியாகச் சொல்ல வேண்டும். யாராவது ஒரு பையனோ பெண்ணோ உங்களிடம் “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டால் பதவியின் பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். நேற்றைச் சொல்லுங்கள். என்னுடையது இது:

நேற்று காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். தண்ணீர்ப் பம்புக்கான பராமரிப்புக் கையேடு, 62 பக்கம். முதல் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை, போன பதிப்பில் எந்தச் சொல்லை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். ‘அடைப்பு’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். குழாயில் தூசி அடைத்துக்கொள்வதும் அடைப்பு, தண்ணீர் கசியாமல் இருக்க நாமாக வைப்பதும் அடைப்பு. ‘அடைப்பை நீக்கவும்’ என்று எழுதினால் மெக்கானிக் எதைப் பிடுங்குவார்? நாற்பது நிமிடம் அதில் போனது. நடுவில் வாடிக்கையாளர் போன் செய்து கெடுவை ஒரு நாள் முன்னால் நகர்த்தினார். மதியத்துக்கு மேல் எட்டுப் பக்கம் ஓடியது. சாயங்காலம் படத்துக்குள் இருக்கும் எழுத்துகளை மாற்றும்போது மூன்று வரி பெட்டியைவிட்டு வெளியே வழிந்தது, அவற்றைச் சுருக்கினேன். ராத்திரி படுத்த பிறகு, கசியாமல் இருக்க வைப்பதற்கு ‘கசிவுத் தடுப்பு வளையம்’ என்று போட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. எழுந்து போய் எழுதி வைத்துவிட்டு வந்து தூங்கினேன்.